ரிசீவரை விடுங்க மாமா, மேப்பைப் பாருங்க!

ரொம்ப நாளா மனசுல கெடந்த ஒரு வயித்தெரிச்சலை இன்னிக்குக் கொட்டிடறேன். நீளமா வரும், பொறுத்துக்குங்க.

நமக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம். பொட்டி தட்டறது பெங்களூர்ல. இஞ்சினியரிங் படிச்சுட்டு சாஃப்ட்வேர் கம்பெனியில உக்காந்தவன்னா, செல்போன் கடைக்காரன், மிக்ஸி மெக்கானிக் எல்லாம் நாமதான்னு ஊர்ல முடிவு கட்டிடுவாங்க. போன தடவை பொங்கலுக்குப் போயிருந்தப்ப மாமா பிடிச்சுக்கிட்டார். "மாப்ள, டேப்லெட்டோட புளூடூத்துல கோத்துக்கற ஜிபிஎஸ் ரிசீவர்னு ஒண்ணு வருதாமே. நல்லதா ஒண்ணு சொல்லு. பத்தாயிரம் பதினஞ்சாயிரம் ஆனாலும் பரவால்ல."

மாமா சம்பா அறுவடைக்கு வெளியூர்லேர்ந்து பெல்ட் மிஷின் வரவழைச்சு, ஊர் ஊரா அனுப்பி வைக்கிற வேலை பார்க்கிறார். சேலம், ஆத்தூர்ப் பக்கத்து டிரைவர்களுக்கு நம்ம ஊர்ச் சந்து பொந்து தெரியாது. போன்ல வர்ற வழிகாட்டியை நம்பித்தான் வருவாங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மிஷினை ஏத்திக்கிட்டு வந்த லாரி ஒண்ணை அந்த வழிகாட்டி ஆத்தங்கரை ரோட்டுல இறக்கி விட்டுருக்கு. ரோடு போய் முடிஞ்ச இடத்துல ஒரு மதகுப் பாலம். டிராக்டரே யோசிச்சுத்தான் ஏறும். லாரி திரும்பவும் வழியில்லை. விடியக்காலம் மூணு மணிக்கு மாட்டின வண்டியைப் பின்னாலயே எடுத்து வெளியில கொண்டு வர மத்தியானம் ஆயிடுச்சு. சாயங்காலம் மழை. கதிர் சாஞ்சு போச்சு. நஷ்டம் அந்த வயக்காரருக்கு. ஆனா மாமா சொன்ன நோய் என்ன தெரியுமா? "போன்ல ஜிபிஎஸ் வீக்கு."

இங்கதான் எனக்குக் கோவம். மாமா மேல இல்லைங்க. இந்த நெனப்பை அவர் தலையில ஏத்தி விட்ட விளம்பரக்காரங்க மேலயும், "எத்தனை சேட்டிலைட் பிடிக்கும், செகண்டுக்கு எத்தனை தடவை இடம் சொல்லும்"னு பட்டியல் போட்டே வாங்க வைக்கிற ஆளுங்க மேலயும்.

ஒரு காலத்துல அந்தப் பட்டியலுக்கு அர்த்தம் இருந்துச்சு. 2000-ம் வருஷம் மே மாசம் வரைக்கும் பொதுமக்களுக்கு வர்ற ஜிபிஎஸ் சிக்னல்ல அமெரிக்கா வேணும்னே பிழை கலந்து விட்டுக்கிட்டு இருந்துச்சு. நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். அதை நிறுத்தின பிறகுதான் காருக்கு வழி சொல்றதே ஒழுங்கா நடந்துச்சு. அப்ப இருந்த ஐபேக், பாம் மாதிரி கையடக்கக் கணினிகள்ல பெரும்பாலும் ஜிபிஎஸ் கிடையாது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பாவை டேஷ்போர்டுல வச்சு புளூடூத்ல கோக்கணும். எந்த டப்பா மரத்தடியில சிக்னலை விடாதுங்கறதுதான் பெரிய கேள்வி. சர்ஃப்ஸ்டார் 3 சிப்பு வந்ததும் எல்லாரும் அதையே தேடினாங்க. நியாயம்.

இன்னிக்கு நிலைமை வேற. சாதாரண போனே அமெரிக்க ஜிபிஎஸ்ஸோட ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பிடிக்குது. சில போன் நம்ம இஸ்ரோவோட நாவிக்கையும் பிடிக்குது. வெட்டவெளியில அஞ்சு மீட்டர் சுமாருக்குள்ள இடத்தைச் சொல்லிடும். நம்ம வயக்காட்டை விட வெட்டவெளி வேற எங்க இருக்கு?

சும்மா சொல்லலை. நண்பன்கிட்டேர்ந்து ஒரு புளூடூத் ரிசீவரைக் கடன் வாங்கிட்டு, மாமாவையும் கூட்டிக்கிட்டு அதே மதகுக்குப் போனேன். போன் ஒரு கையில, ரிசீவரோட கோத்த டேப்லெட் ஒரு கையில. ரெண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுச்சு. ஆத்தங்கரை, மதகுக்கு நேர் மேல. "பாருங்க மாமா, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அதுக்கு நல்லாவே தெரியுது. பாலம் லாரியைத் தாங்காதுங்கறதுதான் தெரியலை. அதைச் செயற்கைக்கோள் சொல்லாது. மேப்தான் சொல்லணும்." மாமா ஒண்ணும் பேசலை. வெத்தலையை மென்னுக்கிட்டே தலையாட்டினார்.

இன்னொண்ணு. போன குருப்பெயர்ச்சிக்குக் கோயமுத்தூர்லேர்ந்து வேன் எடுத்து வந்த எங்க சொந்தக்காரங்க, திருச்சி தாண்டினதும் போன் சொன்னபடி போய் இறங்கின இடம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. குரு கோயில் இருக்கிற ஆலங்குடி நம்ம ஊர்லேர்ந்து ஏழு கிலோமீட்டர், கும்பகோணம் ரோட்டுல. உலகத்துலயே உசந்த ரிசீவரை மாட்டியிருந்தாலும் அவங்களைத் துல்லியமா, அஞ்சு மீட்டர் கூடப் பிசகாம, தப்பான ஆலங்குடியில கொண்டு போய் விட்டிருக்கும் :-)

ரயில்வே கேட்டைச் சொல்லவே வேணாம். தஞ்சாவூர் - திருவாரூர் ரோட்டுல போனவங்களுக்கு நம்ம கேட்டோட மகிமை தெரியும். 2011-ல் மன்னார்குடி ரயில் பாதை திரும்ப வந்ததுல எல்லாருக்கும் சந்தோஷம்தான். அதோட கேட்டு மூடுறதும் கூடுச்சு. கேட்டுல நிக்கிற நேரத்தைக் கணக்குல எடுக்காத மென்பொருள் சொல்ற "இன்னும் 12 நிமிடம்" எல்லாம் கதைதான்.

ரிசீவர் வாங்கவே கூடாதான்னு கேட்டா, அப்படி இல்லை. வைஃபை மட்டும் உள்ள ஐபேடுல ஜிபிஎஸ்ஸே கிடையாது. அதை வண்டியில வச்சுத்தான் ஆகணும்னா ரிசீவர் வேணும். இல்லாட்டி போனோட ஹாட்ஸ்பாட்டை நம்பணும். வரப்புத் தகராறுக்கு அளக்கணும்னா அஞ்சு மீட்டர் எந்த மூலைக்கு? அதுக்கு சர்வே பண்றவங்க வச்சிருக்கற கருவியே வேற, விலையும் வேற. லாரி ஓட்ட அது வேணாம்.

வழிகாட்டி மென்பொருளைத் தேர்ந்தெடுக்கறப்ப நான் பார்க்கிறது மூணே மூணு. ஒண்ணு, டவர் இல்லாத படுகையிலயும் வேலை செய்யணும், அதாவது மேப் போன்லயே இருக்கணும். ரெண்டு, வண்டியோட எடையைச் சொன்னா அதைத் தாங்காத பாலத்தைத் தவிர்க்கணும். மூணு, மேப்புல தப்பு இருந்தா நானே திருத்த முடியணும். ஓஸ்மாண்டு இந்த மூணுக்கும் ஒத்து வருது. அது எடுத்துக்கறது 2004-ல் இங்கிலாந்துல ஸ்டீவ் கோஸ்ட் ஆரம்பிச்ச ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போட வரைபடத்தை. யார் வேணா வரையலாம், யார் வேணா எடுத்துக்கலாம். ஆனா ஒரு பாலத்தோட எடை வரம்பை யாராவது எழுதி வச்சிருந்தாத்தான் மென்பொருளும் அதைத் தவிர்க்கும்.

உடனே ஒருத்தர் கேப்பார், "நம்ம ஊர் மேப்பை யாரு தம்பி உக்காந்து வரையறது?" நாமதான் வரையணும், வேற யாரு? வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு பிரியற மூணாறு தலைப்பும், எந்தக் கரையில லாரி போகும், எதுல சைக்கிள் மட்டும் போகும்ங்கறதும் வெளியூர்க் கம்பெனிக்காரனுக்கா தெரியும்? கூகுள் மேப் மேக்கர்னு ஒண்ணு இருந்துச்சு. நம்ம பசங்க எவ்வளவோ பேர் அதுல உக்காந்து வரைஞ்சாங்க. 2017-ல் மூடிட்டாங்க. "மேப் போட்டா கவர்மெண்டு பிடிக்கும்"ங்கற பயமும் இனி வேணாம். 2021 பிப்ரவரியில வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி, தடை சொல்லியிருக்கற சில விஷயங்களைத் தவிர, இந்தியர்கள் வரைபடத் தரவு சேகரிக்க முன் அனுமதி தேவையில்லை. இன்னும் என்ன சாக்கு?

மறுநாள் காலையில மாமா பைக்கை எடுத்தார், நான் பின்னால உக்காந்தேன். ரெண்டு மணி நேரத்துல பதினோரு மதகு. எது என்ன எடை தாங்கும்னு பலகை இருந்த இடத்துல பலகையைப் பார்த்தும், இல்லாத இடத்துல அகலத்தை டேப்பு பிடிச்சு அளந்தும் குறிச்சோம். ராத்திரி உக்காந்து ஏத்தினேன். செலவு பெட்ரோலுக்கு நூறு ரூபா, டீக்கு நாப்பது.

கிளம்பறப்ப மாமா கேட்டார். "அப்ப அந்தப் பதினஞ்சாயிரம்?"

"வச்சிருங்க மாமா. அடுத்த பொங்கலுக்கு வடகரைப் பக்கம் பாக்கி இருக்கு. பெட்ரோலுக்கு ஆகும்."

டிஸ்கி: எனக்கு எந்த மேப் கம்பெனியும் காசு கொடுக்கலை. குடுத்தாலும் மதகுப் பாலம் அகலமாகப் போறதில்லை.