அறத்தின் பெயரால் ஒரு சீட்டு

தமிழகத்தில் பரிசுச்சீட்டை மீண்டும் கொண்டுவரலாமா என்னும் வினா அவ்வப்போது தலைகாட்டி மறைகிறது. 2021இல் அத்தகைய பேச்சு எழுந்தபோது அரசு அதனை மறுத்தது. ஆயினும் வினா மடியவில்லை. அதற்கு உயிரூட்டுவது அறம் என்னும் சொல்லே.

1968இல் அண்ணாவின் ஆட்சியில் தொடங்கிய அரசுப் பரிசுச்சீட்டு, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்னும் முழக்கத்தோடு வந்தது. தோற்றவனுக்கும் கொடுத்தவன் என்ற பெருமிதத்தை அம்முழக்கம் வழங்கியது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு சீட்டு விற்பனையைத் தடைசெய்தது. 1967இல் தொடங்கிய கேரளமோ இன்றும் விடவில்லை. 2011இல் அங்கு வந்த காருண்யா சீட்டின் வருவாய், ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது. இது நற்செயலன்றோ எனப் பலர் கேட்கின்றனர்.

ஒழுங்குமுறை இருக்கிறதே என்பது அவர்தம் அடுத்த வாதம். 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி சீட்டை அரசே அச்சிட வேண்டும். வருவாய் அரசுக் கணக்கில் சேர வேண்டும். ஒரு சீட்டுக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. ஆனால் ஏழு நாளுக்கும் ஏழு பெயர் சூட்டிக் கேரளம் நாள்தோறும் குலுக்குகிறது. சட்டத்தின் சொல் காக்கப்படுகிறது. பொருள் எங்கே போயிற்று? வருவாய்க்குப் பழகிய அரசு தன்னைத்தானே கட்டுப்படுத்தும் என நம்புவதெங்ஙனம்?

பணம் எங்கே போகிறது என்றே எல்லாரும் கேட்கின்றனர். எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்கிறோம். மன்னவனூரில் மலைப்பூண்டு பயிரிடும் உழவர் மழையோடும் பனியோடும் சூதாடிய பின், வடுகபட்டிச் சந்தையின் விலையோடும் ஆடியாக வேண்டும். அவருக்கும் அவரிடம் கூலிக்கு வருபவருக்கும் மூன்றாவதாக ஒரு சூதை அரசே நீட்டுவது அறமாகாது. ஏழையின் ஆசையில் பணம் திரட்டி இன்னோர் ஏழையின் நோய்க்கு மருந்து வாங்குவதில் ஈகை யாருடையது? வசதி படைத்தோர் இதில் ஏதும் இழப்பதில்லை.

சூதில் பெறும் வெற்றியையும் மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். தூண்டிலைப் பிடித்திருப்பது அரசின் கை என்பதால் முள் மழுங்கிவிடாது.

மருத்துவம் குடிமக்களின் உரிமை. அதற்கான பொருளை அவரவர் ஆற்றலுக்கேற்ற வரியாக வெளிப்படையாகக் கேட்பதே அரசுக்கு அழகு. தடை நீடிக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.