4 லட்சம் கல்விக் கடன் 5.40 லட்சம் ஆவது எப்படி? திருப்பூரில் அப்பாவின் தொழில் கடனும் ஏன் சிக்குகிறது?

பட்டம் வாங்கி ஓராண்டு ஆனதும் வங்கியிலிருந்து கடிதமோ குறுஞ்செய்தியோ வருகிறது. அதில் இருக்கும் தொகையைப் பார்த்ததும்தான் பல வீடுகளில் அதிர்ச்சி. "நாலு லட்சம்தானே வாங்குனோம், இதென்ன அஞ்சரை லட்சம் கிட்ட போட்டிருக்கு?" என்று கிளைக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் வங்கியின் கணக்கு சரியாகவே இருக்கும். கடன் வாங்கிய அன்று இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினை.

வட்டி எப்போது ஓடத் தொடங்குகிறது?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிக்கும் காலத்திலும் அதன் பிறகு ஓராண்டுக்கும் தவணை கட்ட வேண்டாம். இதைப் பலர் 'வட்டி இல்லாத காலம்' என்று புரிந்துகொள்கிறார்கள். தவணைக்குத்தான் விடுப்பு, வட்டி முதல் தொகை கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே ஓடுகிறது.

ஓர் உதாரணம். பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம், வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000 ரூபாய். அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. மொத்தம் 1.40 லட்சம். இந்தக் காலத்தில் தனி வட்டிதான். ஆனால் தவணை தொடங்கும்போது அது அசலோடு சேர்ந்துவிடும். அதன் பிறகு வட்டிக்கும் வட்டி. 5.40 லட்சத்தைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 7,136 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 8.56 லட்சம் ஆகும். 15 ஆண்டாக நீட்டினால் தவணை 5,800 ஆகக் குறையும், மொத்தம் 10.44 லட்சத்தைத் தாண்டும்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டியிருந்தால்? முதலாண்டு மாதம் 833 ரூபாய், நான்காம் ஆண்டில் 3,333 ரூபாய். பல வங்கிகள் அப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் 1% சலுகையும் தருகின்றன.

அரசு வட்டி கட்டும் என்றார்களே?

கட்டும், ஆனால் எல்லோருக்கும் இல்லை. 2009-10இல் வந்த மத்திய வட்டி மானியத் திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இந்த விடுப்புக் கால வட்டி முழுவதையும் அரசே ஏற்கிறது. மேலே சொன்ன உதாரணத்தில் அந்த 1.40 லட்சம் அப்படியே போய்விடும். தவணை 5,286 ரூபாய்தான். பத்தாண்டில் மிச்சம் சுமார் 2.2 லட்சம்.

வழுக்குவது நிபந்தனைகளில். தொழில்நுட்ப, தொழில்முறைப் படிப்புகளுக்கு மட்டுமே இது பொருந்தும். 2018 முதல் கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரமோ வேண்டும். கடனுக்குச் சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ இருக்கக் கூடாது. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, கிளை அதைக் கனரா வங்கியின் வழியாகக் கோர வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டால், மருத்துவக் காரணம் தவிர, மானியம் இல்லை. "தானா வந்துரும்" என்று இருந்த குடும்பங்களுக்குக் கடைசியில் தெரிவது, கிளை கோரிக்கையே அனுப்பவில்லை என்பது. தவணை தொடங்கும் முன் கணக்கு அறிக்கை வாங்கி, மானியம் வரவாகியிருக்கிறதா என்று ஆண்டுவாரியாகப் பார்ப்பது அவசியம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி, தேர்ந்தெடுத்த உயர்தரக் கல்வி நிறுவனங்களில் சேருவோருக்கானது. ஏற்கெனவே படித்து முடித்தவர்களின் பாக்கிக்கு அதனால் பயனில்லை.

திருப்பூரில் என்ன வித்தியாசம்?

இங்கே பனியன் கம்பெனிகளில் டெய்லர், செக்கிங், அயர்னிங் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் சனிக்கிழமைதோறும். பீஸ் ரேட்காரர்களுக்கு ஆர்டர் இருந்தால்தான் காசு. வங்கித் தவணையோ மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியில் கணக்கிலிருந்து பிடிக்கப்படுகிறது. நான்கு சனிக்கிழமையும் கைக்கு வந்த பணம் வாடகை, மளிகை, வாரச் சீட்டு என்று அன்றன்றே கரைந்துவிட, அந்தத் தேதியில் கணக்கு காலி. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50% ஆக்கியபோது, ஏற்றுமதி ஆர்டரை நம்பிய ஊரில் ஷிஃப்ட் குறைவது என்றால் என்ன என்று இந்தக் குடும்பங்கள் பார்த்தன. வேலைக்குச் சேர்ந்த பிள்ளையும் பல வீடுகளில் அதே பின்னலாடைத் தொழிலில்தான் மெர்ச்சன்டைசிங், கணக்கு என்று இருக்கிறார். ஆகவே ஆர்டர் குறைந்தால் இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் அடி வாங்குகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கல்விக் கடனில் பெற்றோர் வெறும் சாட்சி இல்லை, கூட்டுக் கடனாளி. 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் கடன் வாராக்கடன் ஆகும்; அது பிள்ளையின் சிபில் பதிவில் மட்டுமல்ல, அப்பாவின் பதிவிலும் ஏறும். பத்து மெஷின் வைத்துப் பவர்டேபிள் நடத்தும் ஒருவர், ஓவர்லாக் மெஷினுக்கோ நடப்பு மூலதனத்துக்கோ வங்கிக்குப் போகும்போதுதான் மகனின் பாக்கி தெரியவருகிறது. "கையெழுத்துத்தானே போட்டேன்" என்பது அங்கே செல்லாது. கடனை நம்பி ஓடும் ஊரில், 7,136 ரூபாய் தவணை தவறியதால் பல லட்ச ரூபாய்க் கடன் நின்றுபோவது சாதாரண இழப்பில்லை. சிபில் உள்ளிட்ட ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மகனும் அப்பாவும் தனித்தனியாக அதை எடுத்துப் பார்த்துவிடலாம்.

கட்ட முடியாவிட்டால்?

பாக்கி 90 நாளைத் தொடும் முன் எழுத்து மூலம் கேட்பதுதான் முக்கியம். மாதிரித் திட்டத்திலேயே, வேலை இல்லாத காலத்துக்கும் குறைந்த சம்பளக் காலத்துக்கும் கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணை விடுப்பு தர இடமிருக்கிறது. ஆரம்பத்தில் சிறிய தவணை, போகப்போகப் பெரிய தவணை என்றும் கேட்கலாம். கிளையில் இதை அவர்களாக எடுத்துச் சொல்வது அரிது. வாய்மொழியாகக் கேட்டால் பதிவே இருக்காது. மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும்.

மக்கள் நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் பயப்படத் தேவையில்லை. அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் தீர்வு; கடன் பாக்கிக்காக மட்டும் போலீஸ் கைது செய்யாது. ஒரே தவணையில் குறைத்துத் தீர்த்துக்கொள்வதும் வழிதான். ஆனால் சிபிலில் 'செட்டில்டு' என்று பதிவாகும். நாளைக்கு மெஷின் கடன் வாங்க நினைக்கும் வீடு இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. அவர்கள் செய்வதற்கு வங்கியே பொறுப்பு. வங்கியில் புகார் செய்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

தள்ளுபடி வருமா?

2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கல்விக் கடன் தள்ளுபடி வாக்குறுதி தந்தது. அது நிறைவேறவில்லை என்ற விமர்சனம் தொடர்ந்து எழுந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ், அந்த ஆண்டு மார்ச் 15 வரையிலான பாக்கியைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னது, ஆட்சிக்கு வரவில்லை. வங்கி தன் கணக்கில் 'ரைட் ஆஃப்' செய்வதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்வோரும் உண்டு. அது வங்கியின் உள்கணக்கு. அதற்குப் பிறகும் வசூல் தொடரும். அரசின் கடன் உத்தரவாத நிதி வங்கிக்கு இழப்பீடு தந்தாலும் மாணவரின் பாக்கி போகாது.

5.40 லட்சத்தை வைத்துக்கொண்டு தள்ளுபடிக்காக ஓராண்டு காத்திருந்தால், 10% வட்டியில் கூடும் தொகை 54,000 ரூபாய்.