மது பரிமாறும் இடத்தில் துப்பாக்கிக்கு இடமில்லை

1999 ஏப்ரல் 29 இரவு, நள்ளிரவு தாண்டிய நேரம். தில்லி மெஹ்ரோலியில் டாமரிண்ட் கோர்ட் என்ற உணவகம். இனி மது கிடையாது என்று சொன்னார், அன்று பரிமாறிக்கொண்டிருந்த ஜெசிகா லால். கேட்டவர் முன்னாள் மத்திய அமைச்சர் ஒருவரின் மகன். முதல் குண்டு கூரையில் பாய்ந்தது; அடுத்தது ஜெசிகாவின் தலையில்.

சுட்டவரிடம் ஆயுத உரிமம் இருந்தது. மது விற்ற இடத்துக்குத்தான் உரிமம் இல்லை.

2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாடே கொதித்தது. அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தண்டனை கிடைத்ததும் எல்லோரும் ஆறிவிட்டோம். குடிக்கிற இடத்துக்குள் அந்தத் துப்பாக்கியை யார் விட்டார்கள்? அதைக் கேட்கவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

2016 டிசம்பரில் பட்டிண்டா மாவட்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளம்பெண் விருந்தினரின் குண்டுக்குப் பலியானார். கொண்டாட்டத்தில் அலட்சியமாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. நல்லதுதான். ஆனால் அது சுட்ட பிறகு வருகிற சட்டம். எங்களுக்கு வாசலிலேயே தடுக்கிற சட்டம் வேண்டும்.

திருவிழாச் சந்தைக்கும் மத ஊர்வலத்துக்கும் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்று ஆயுத உரிமத்தின் நிபந்தனையே சொல்கிறது. மது பரிமாறும் எந்த இடமும், ஒரு நாள் அனுமதி வாங்கிய கல்யாண மண்டபம் உட்பட, அந்த வரிசையில் வெளிப்படையாகச் சேர வேண்டும். மது உரிமத்திலும் இதே நிபந்தனை வேண்டும்: துப்பாக்கியோடு வருபவரை உள்ளே விட்டால் உரிமம் ரத்து. ஆயுத உரிமம் தருவது ஒரு அலுவலகம், மது உரிமம் தருவது வேறொரு துறை என்பது இனி சாக்காகக் கூடாது.

பணியில் இருக்கும் காவலருக்கு மட்டும் விலக்கு. பெரிய மனிதர்களின் தனி மெய்க்காவலர்கள் வெளியே நிற்கட்டும்.

எங்கள் கவலையெல்லாம் பரிமாறுகிறவர்களைப் பற்றியது. மாதச் சம்பளத்துக்கு நிற்கிற ஒரு பையன், இடுப்பில் பிஸ்டல் வைத்திருப்பவரிடம் “போதும் சார், கடை மூடியாச்சு” என்று எப்படிச் சொல்வான்? அவன் முதலாளி அவனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முதலாளிக்குப் பின்னால் சட்டம் நிற்க வேண்டும்.

ஆயுத உரிமம் வைத்திருப்பவர்களையும் அழைக்கிறோம். குடிக்கப் போகும் நாளில் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவைப்பேன் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எங்கள் முதல் உறுப்பினர்கள் நீங்களாகவே இருங்கள்.