யாரிடம் இருக்கிறது அந்த வரைபடம்?

வாஷிங்டனில் அதிபர் பதவியேற்பு விழா நெருங்கினால், ஊர்மக்களுக்கு முன்கூட்டியே ஓர் அறிவிப்பு வந்துவிடுகிறது: ஹெலிகாப்டர் ஒன்று நகரின் மேல் தாழப் பறக்கும், கண்டு பயப்பட வேண்டாம். அமெரிக்கத் தேசிய அணுசக்திப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அந்த ஹெலிகாப்டர், சுமார் 150 அடி உயரத்தில், மணிக்கு 80 மைல் வேகத்தில், உழவுச் சால் ஓட்டுவதுபோல வரிவரியாகப் பறந்து இயற்கைக் கதிர்வீச்சை அளக்கிறது. அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. நடந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு வேண்டும், அவ்வளவுதான்.

கதிர்வீச்சு அறவே இல்லாத ஊர் உலகில் கிடையாது. மண், செங்கல், கருங்கல் என எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்டு. ஹெலிகாப்டரில் உள்ள சோடியம் அயோடைடு படிகங்கள் நொடிக்கொரு முறை காமா கதிர்களை எண்ணிப் பதிவு செய்கின்றன. ஆற்றைக் கடக்கும்போது எண்ணிக்கை சட்டென்று சரியும். அடியில் உள்ள மண்ணின் கதிர்களைத் தண்ணீர் தடுத்துவிடும். மழை பெய்தாலோ, காற்றில் இருக்கும் ரேடானின் சிதைபொருள்கள் தரையிறங்கி, சில மணி நேரத்துக்கு அளவு ஏறும். இதையெல்லாம் அமைதிக் காலத்தில் பதிந்து வைக்காவிட்டால், அவசர நாளில் ஒரு நல்ல மழைகூட ஊரைக் கிலிபிடிக்க வைத்துவிடும்.

நியூயார்க் நகரம் 2005-இல் இப்படி அளந்தது. செலவு சுமார் 8 லட்சம் டாலர். அந்த நகரத்துக்கு இது ஒரு காசே அல்ல. மேலும் ஆராய வேண்டியவை என 80-க்கும் மேற்பட்ட இடங்கள் தட்டுப்பட்டன. அவற்றில் ஒன்று ஸ்டேட்டன் தீவில் உள்ள கிரேட் கில்ஸ் பூங்கா. பல ஆண்டுகளாக மக்கள் உலாவிய அந்த மண்ணில் ரேடியம் கிடந்தது, அதுவரை யாருக்கும் தெரியாது.

ஆனால் அளந்துவிட்டால் போதுமா? ஜப்பானில் அணு உலை விபத்து நடந்த புகுஷிமா வேறு கதை சொல்கிறது. 2011 மார்ச் 17 முதல் 19 வரை அமெரிக்க விமானங்கள் அங்கே பறந்து அளந்தன. அணு உலையிலிருந்து வடமேற்கே, 30 கிலோமீட்டருக்கும் அப்பால் வரை, கதிர்வீச்சு ஒரு பட்டையாகப் படிந்திருப்பது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஜப்பானிய வெளியுறவு அமைச்சகத்தின் வழியாக அது அணுப் பாதுகாப்பு முகமைக்கும் அறிவியல் அமைச்சகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கேயே தங்கியும்விட்டது. மக்களை வெளியேற்றும் முடிவுகளுக்கு அது பயன்படவில்லை. அதே திசையில் இருந்த ஈடாட்டே கிராமம் வெளியேற்றப்பட வேண்டிய பகுதியாக அறிவிக்கப்பட்டது ஏப்ரல் 22-இல்தான். அங்கே கருவியில் கோளாறு இல்லை, கோப்பில்தான் கோளாறு.

நமக்கும் இதில் பாடம் உண்டு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. இயற்கையாகவே அங்கே கதிர்வீச்சு அதிகம். கூடங்குளம் அணுமின் நிலையமோ அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நாளை ஒரு வதந்தி கிளம்பினால், கடலோர மக்கள் 'உலையிலிருந்து வந்தது' என்பார்கள்; அதிகாரிகள் 'மணலிலேயே இருந்தது' என்பார்கள். மணலின் தோரியம் எது, உலையின் சீசியம் எது என்று நிறமாலைக் கருவி பிரித்துக் காட்டிவிடும். கடையில் வாங்கும் கைக்கருவியில் தெரிவது மொத்தக் கணக்கு மட்டுமே. ஆக, பழைய எண் கையில் உள்ளவரின் வாதம்தான் நிற்கும்.

நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. யுரேனியம் தேடி அணுசக்தித் துறை பல பத்தாண்டுகளாக வான்வழியே காமா கதிர்களை அளந்து வருகிறது. அவசர காலத்துக்கென்றே பாபா அணு ஆராய்ச்சி மையம் வான்வழிக் கருவியை உருவாக்கியிருக்கிறது. ஆனால் கூடங்குளம் உலையை நடத்தும் துறையே அளந்து, தானே வைத்துக்கொள்ளும் எண்ணை, அந்த உலையை எதிர்த்துப் போராடிய மக்கள் ஏன் நம்ப வேண்டும்? அளக்கும்போது வெளியிலிருந்து ஒரு பல்கலைக்கழகமாவது உடனிருக்க வேண்டும். ஊர்வாரி அளவுகளைத் தமிழில், தேதியோடு, கோடைக்கு ஒன்றும் மழைக்காலத்துக்கு ஒன்றுமாக ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போட வேண்டும். கடலோர ஊராட்சிகள் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகப் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம்.