மன உறுதி மட்டும் போதாது



குடிப்பழக்கத்திலிருந்து மீள்வது பற்றிய உங்கள் கட்டுரையின் அக்கறையை வரவேற்கிறேன். ஆனால், ‘மன உறுதி இருந்தால் இன்றே நிறுத்திவிடலாம்’ என்ற அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. நெடுநாளாகத் தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். அடுத்து வரும் மனக்குழப்பமும் பிரமையும் உயிருக்கே உலை வைக்கலாம்.

எங்கள் உறவினர் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டுக் குடியை நிறுத்திய மறுநாளே வலிப்பு வந்து விழுந்தார். சுற்றி நின்றவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களே தவிர, குடியை விட்டதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மருத்துவமனையில் லோராசெபாம் ஊசியும் தயமினும் கொடுத்த பிறகே தேறினார்.

குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் போன்ற மருந்துகள் இந்த வலிப்பைத் தடுக்கும். அவற்றையும் மருத்துவர் கண்காணிப்பில் சில நாள்கள் மட்டும், படிப்படியாகக் குறைத்தபடி எடுக்க வேண்டும். பிறகு குடிவேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இருக்கின்றன. குடியை விட வைக்கத் தரப்படும் டைசல்ஃபிராம் மருந்தைக் குழம்பில் ரகசியமாகக் கலந்து கொடுப்பது பெரும் தவறு. தெரியாமல் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம்.

போதை மீட்புக்காகப் புனேயில் 1986 முதல் முக்தாங்கண் மையம் இயங்குகிறது, சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. இத்தகைய கட்டுரைகளின் கீழே, ‘மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தாதீர்கள்’ என்ற எச்சரிக்கையையும், 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையும் கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகி, விமான் நகர், புனே