தொழில் பழகும் பிள்ளைகள்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கலைத்தொழில் பழகி வருகின்றனர். சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தையல் கற்போர் உளர்; மூணாற்றிலும் குமுளியிலும் புகைப்பட நிலையங்களில் உதவியாளராய் நிற்போர் உளர்; பெயர்ப்பலகை எழுதப் பழகுவோரும் உளர். இவர்தம் பெற்றோர் கூறும் குறை ஒன்றே. தொழிலைக் கற்றுவிடலாம், வேலை கொடுப்பவரின் மனத்தை நிறைவு செய்வதுதான் அரிது என்பர். ஒன்றைச் சொல்லிவிட்டுப் பின்னர் மாற்றுவார். வேலை முடிந்தபின் கூலியைக் குறைப்பார். பிள்ளையோ மனமுடைந்து, தேயிலைத் தோட்டத்துக்கே போய்விடுகிறேன் என்கிறான்.

இத்தகையோர் ஓவியர் இரவிவர்மாவின் வரலாற்றை அறிதல் நலம். நம் பூசையறைகளில் விளங்கும் இலக்குமி, சரசுவதி படங்கள் பலவும் அவர் தூரிகையின் வழிவந்தவையே. 1848 இல் கிளிமானூரில் பிறந்த அவர், பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். எண்ணெய் வண்ணத்தில் வல்லவரான மதுரை இராமசாமி நாயக்கர் அவருக்குக் கற்பிக்க இசையவில்லை. நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளையே மறைவாகச் சில நுட்பங்களை உரைத்தார் என்பர். 1868 இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும், தாம் வரைவதைப் பார்த்திருக்க மட்டுமே இடமளித்தார். இரவிவர்மா பார்த்தே பழகினார். 1873 இல் சென்னைக் கண்காட்சியில் அவர் ஓவியம் பொற்பதக்கம் பெற்றது.

கலை கைவந்த பின்னும் இடர் தீரவில்லை. அவரை ஆதரித்த ஆயில்யம் திருநாள் மன்னர் 1880 இல் மறைந்தார். அடுத்து வந்த விசாகம் திருநாளுக்கும் ஓவியருக்கும் மனம் ஒத்துப்போகவில்லை. இரவிவர்மா தூரிகையைக் கீழே வைத்துவிடவில்லை. முன்பு திருவிதாங்கூரில் திவானாயிருந்த கும்பகோணம் மாதவராவ் அப்போது பரோடாவில் திவானாக இருந்தார். அவ்வூர் மன்னர் சயாஜிராவ் 1881 இல் ஆட்சிப்பொறுப்பு ஏற்ற காலத்தில் ஓவியர் அங்கே சென்று வரைந்தார். பின்னர் அதே அரசுக்குப் பதினான்கு புராண ஓவியங்களையும் தீட்டினார். ஒருவர் வாயில் அடைத்தால் உலகமே அடைத்ததாகாது.

எனினும் குறை கூறுவோர் அனைவரையும் பகைவராகக் கருதலாகாது. வேலையில் குறை இருப்பின், கூலி கேளாமல் திருத்தித் தருவதே முறை. சில பிணக்குகள் மொழியால் விளைவன. மலையாளத்தில் ‘இறக்கம்’ என்பது ஆடையின் நீளம். நம் பிள்ளை அதைக் கழுத்திறக்கம் எனக் கொள்ளக்கூடும். துணியை வெட்டியபின் வருந்திப் பயனென்ன? ஆதலின் அளவுச் சட்டையை வாங்கி வைத்து, அளவுகளைச் சீட்டில் எழுதி, வந்தவருக்குப் படித்துக் காட்டவேண்டும். பெயர்ப்பலகையாயின் எழுத்துகளை முதலில் தாளில் எழுதிக் காட்டி, இசைவு பெற்ற பின்னரே வண்ணம் தொடவேண்டும். முன்பணமும், பின்னால் மாற்றுவதற்கான கூலியும் அச்சீட்டிலேயே இருத்தல் நன்று.

அதன் பின்னும் ஒருவர் வீண்வழக்காடினால், பழகும் பிள்ளை எதிர்த்துப் பேசாது ஆசானை அழைக்கட்டும். மறுமொழி கூறுதல் கடையை நடத்துபவர் கடமை. உறவினர் அருகில் இல்லாத ஊரில் வேலை கற்கும் பிள்ளையின் தலையில் நட்டம் முழுவதையும் சுமத்தும் ஆசானிடம், பெற்றோர் நேரிற் சென்று பணிவாகவும் உறுதியாகவும் கேட்கவேண்டும். பிள்ளை தொழிலை விடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.