வீதி வண்டியும் பந்தயத் தடமும்

மோட்டார் வண்டியின் வேகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எஞ்சினின் குதிரைச் சக்தியையே எடுத்துப் பேசுவர். அச்சக்தியைத் தரையிலே சேர்ப்பன டயர்களும், அவற்றின்மேல் வண்டியைத் தாங்கிநிற்கும் ஸ்பிரிங்குகளுமே என்பதை நினைப்பவர் மிகச் சிலர். பழைய வீதி வண்டியொன்றை எப்போதேனும் ஒருநாள் நேர்கோட்டுப் பந்தயத்துக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர், அதன் ஸ்பிரிங் அமைப்பை எவ்வளவு மாற்றலாம், எவ்வளவு மாற்றலாகாது என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஈண்டுச் சொல்ல முற்படுகின்றோம்.

டிராக் ரேஸ் எனப்படும் இப்பந்தயம் அமெரிக்க நாட்டில் வளர்ந்தது. இரண்டு வண்டிகள் நின்ற நிலையினின்றும் புறப்பட்டுக் கால் மைல், அதாவது 1,320 அடி, ஓடுவதே அதன் பழைய முறை. கலிபோர்னியாவில் சாண்டா ஆனா விமான நிலையத்து ஓடுபாதையில் 1950ஆம் ஆண்டு ஒழுங்கான தடமொன்று நடைபெறலாயிற்று. 1951இல் வாலி பார்க்ஸ் என்பார் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். பொதுவீதிகளில் இளைஞர் ஒருவரையொருவர் முந்தி ஓடி உயிர்ச்சேதம் விளைப்பதைத் தவிர்த்து, அவ்விருப்பத்தை விதிகளுக்குட்பட்ட தடத்துக்குத் திருப்புவதே அதன் முக்கிய நோக்கம். இந்நோக்கத்தை நாம் மறத்தலாகாது.

இனி விஷயத்துக்கு வருவோம். வண்டி விரைந்து புறப்படும்போது முன் சக்கரங்களின் பாரத்தில் ஒரு பகுதி பின் சக்கரங்களுக்குச் செல்கின்றது. 3,200 ராத்தல் எடையும், 108 அங்குல அச்சிடைத் தூரமும், தரையினின்றும் 20 அங்குல உயரத்தில் பாரமையமும் உடைய வண்டியொன்று, புவியீர்ப்பில் பாதியளவு விரைவேற்றத்துடன் கிளம்புமாயின், ஏறக்குறைய 296 ராத்தல் பின்னே செல்லும். இக்கணக்கில் ஸ்பிரிங்கின் மென்மைக்கு இடமேயில்லை என்பதைக் கவனிக்க. மென்மையான ஸ்பிரிங்கு வண்டியின் மூக்கை உயரத் தூக்கிக் காட்டும். பாரம் செல்லும் காலத்தையும் சிறிது மாற்றும். பாரத்தின் அளவைப் பெரிதும் மாற்றாது. மூக்கு எவ்வளவு உயர்கின்றதோ அவ்வளவு பிடிப்பு உண்டென நம்புவது தோற்றத்தைக் கண்டு மயங்குவதேயாம்.

உண்மையான இடர் பின் அச்சிலே உள்ளது. சக்கரம் முன்னோக்கிச் சுழல, அச்சுக்கூடு எதிர்த்திசையில் திரும்ப முயலும். அத்திருக்கத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகள் பாம்புபோல் வளைந்து, டயர் பிடிப்பை இழந்ததும் துள்ளி மீளும். இதுவே மீண்டும் மீண்டும் நிகழ்ந்து சக்கரம் குதிக்கும். அச்சும் இணைப்புகளும் முறிதலும் உண்டு. 1967ஆம் ஆண்டின் செவ்ரோலெட் கமாரோ வண்டிகளில் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கும், அச்சுக்கு முன்பாகவே இரண்டு ஷாக் அப்சார்பர்களும் இருந்தமையால் இக்குறை மிகுந்து காணப்பட்டது. 1968இல் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் அமைத்தார்கள். ஆற்றல் மிக்க வகைகளுக்குப் பல பட்டைகள் கொண்ட ஸ்பிரிங்கும் கொடுத்தார்கள். கிரைஸ்லர் கம்பெனியாரோ அச்சை ஸ்பிரிங்கின் நடுவில் வையாது முற்பக்கம் தள்ளி வைத்தனர். அதனால் முன்பாதி குறுகி விறைப்பாகித் திருக்கத்தை எதிர்த்தது. மேலும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு வலப் பின்சக்கரத்தைத் தரையினின்றும் தூக்க முயல்வதால், தங்கள் பந்தய ஸ்பிரிங்குகளில் வலப்பக்கத்ததை அதிக விறைப்பாகச் செய்தனர்.

ஆதலின் நாம் சொல்லும் வரிசை இது. முதலில் தேய்ந்த ரப்பர் புஷ்களையும், தளர்ந்த யூ-போல்ட்டுகளையும், உயிரற்ற ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுக. பழைய வண்டியின் பாதி நோய் இதனாலேயே தீரும். அடுத்து, அச்சின் திருக்கத்தைத் தடுக்கும் டிராக்‌ஷன் பார்களைப் போல்ட்டினால் பொருத்துக. பின்பு, கையால் திருப்பி விறைப்பை மாற்றத்தக்க ஷாக் அப்சார்பர்களை இடுக. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றி, நேரத்தைக் குறித்து வைத்து, அதன் பலனை அறிந்த பின்னரே அடுத்ததைத் தொடுக. பல காரியங்களை ஒருங்கே மாற்றுபவன் எதனால் நன்மை வந்தது, எதனால் தீமை வந்தது என்று அறியமாட்டான்.

பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட 90/10 முன் ஷாக் அப்சார்பர்களை வீதி வண்டியில் நிலையாக இடுவதை நாம் கண்டிக்கின்றோம். அவை எளிதில் நீண்டு, மெதுவாகவே சுருங்கும். மேடுபள்ளமான பாதையில் மூக்கு உயர்ந்தே நின்று, முன்சக்கரம் தரையை இறுகப் பற்றாது. திருப்பமும் தடையும் கெடும். தடத்தில் முன்புற ஆன்டி-ரோல் பாரின் இணைப்பைக் கழற்றுவோர் சிலர் உண்டு. கழற்றியதை வீடு திரும்புமுன் பூட்டாமல் விடுவது, ஒரு வளைவில் உயிரையே பணயம் வைப்பதாகும்.

இங்ஙனம் பாதியில் நிற்பவன் பந்தயத்தில் முதல்வனாவதெப்படி என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. முழுப் பந்தய வண்டியோடு போட்டியிட்டால் அவன் தோற்பான் என்பதை நாமும் ஒப்புகின்றோம். முதல்வனாக வேண்டுமாயின் அதற்கென வேறொரு வண்டியை அமைத்துக்கொள்ளட்டும். ஆண்டில் முந்நூறு நாளுக்கு மேல் மனைவி மக்களைச் சுமக்கும் வண்டியை, சில நாட் பந்தயத்துக்காகப் பாழாக்குதல் அறிவுடைமையன்று. ஐம்பதாண்டு கடந்த வண்டியின் தகட்டை ஒருமுறை வெட்டிவிட்டால், பழைய நிலைக்கு அதனைக் கொண்டுவருதல் அரிது. போல்ட்டினால் பூட்டியதையோ மாலையிலேயே கழற்றிவிடலாம்.

விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர்க்கு இதனிலும் ஒரு பாடமுண்டு. நெம்புகோலும் பாரமையமும் வகுப்பறைப் பலகையோடு நின்றுவிடுவனவல்ல. ஒரு பொருளை அதன் இயல்பறிந்து, அளவறிந்து, மீட்கத்தக்க வகையில் திருத்துபவனே நல்ல தொழிலாளி. தடத்தில் அரை வினாடி குறைந்ததென மகிழ்வோன், அன்று மாலை அதே வண்டியில் தன் குழந்தைகளை அச்சமின்றி ஏற்றிச் செல்லக்கூடுமாயின், அவன் வேலை செவ்வையாகச் செய்யப்பட்டதென நாம் சொல்வோம்.